தானே திரும்பும் பாய்

மனிதன் தன் கையால் செய்துவந்த ஒரு வேலையைக் கருவி தானே செய்துவிடுமாயின், அதனால் மனிதன் உயர்கின்றானா, தாழ்கின்றானா? இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அரசியலைப் பற்றிய தம் நூலில் இதனைத் தொட்டுச் சென்றிருக்கிறார். தறியின் நாடா தானே ஓடவும், யாழ் மீட்டும் கோல் தானே அசையவும் கூடுமாயின், கைவினைத் தலைவனுக்கு ஏவலாள் வேண்டியதில்லை, எசமானனுக்கு அடிமை வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. அதே இடத்தில் அவர் கப்பலையும் உதாரணங் காட்டுகிறார். மாலுமிக்குச் சுக்கான் உயிரற்ற கருவி. முன்னணியத்தில் நின்று கடலை நோக்கி எச்சரிப்பவன் உயிருள்ள கருவி என்கிறார். உயிருள்ள மனிதனைக் கருவி என்று எழுத அவருக்குக் கூச்சமில்லை. அடிமை முறையை இயற்கையென்று எண்ணிய காலம் அது. ஆயினும் அவர் வாக்கிலிருந்து நாம் ஓர் உண்மையை எடுத்துக்கொள்ளலாம். கருவி இயங்காத இடத்தில் எளியவனே வலியவனுக்குக் கருவியாக்கப்படுகிறான்.

இந்தப் பழைய கேள்வியை ஒரு சிறிய பாய்ப்படகைக் கொண்டு ஆராய விரும்புகிறேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்குப் பாயோடும் படகோடும் என்ன உறவு என்று வாசகர்கள் வினவலாம். நாம் வாழும் கெடா மாநிலம் பாயினால் அறியப்பட்ட பூமி. பழந்தமிழர் கடாரம் என்று வழங்கியது இதனையே. பருவக்காற்றை நம்பி வங்கக் கடலைக் கடந்துவந்த வணிகருக்கு ஜெராய் மலை தூரத்து அடையாளமாக நின்றது. அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் அக்காலத்துச் சின்னங்கள் இன்றும் காணக் கிடக்கின்றன. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்ததும் இக்கரைக்கே. இன்றோ, லங்காவித் தீவின் துறைகளில் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த சிறு பாய்ப்படகுகள் கட்டிக்கிடக்கின்றன. அத்தகைய படகொன்றில் தனியே உலகைச் சுற்றிவந்த முதல் மலேசியரான அஸ்ஹார் மன்சோர், 1999 பிப்ரவரியில் புறப்பட்டதும் ஆகஸ்டில் வந்து சேர்ந்ததும் லங்காவியிலேதான். கோலக் கெடாவில் பெர்ரி ஏறித் தீவுக்குச் செல்லும் நம்மவர் அப்படகுகளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். அவற்றின் முன்பாயைமட்டும் சற்றே நின்று கவனிக்குமாறு வேண்டுகிறேன்.

காற்று வரும் திசைக்கு நேர் எதிரே எந்தப் பாய்ப்படகும் செல்ல இயலாது. ஏறக்குறைய 45 பாகை விலகி, ஒரு முறை வலமாகவும் ஒரு முறை இடமாகவும் வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் படகின் மூக்கு காற்றைக் குறுக்கே கடக்கும். பாய்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும். பாய்மரத்துக்குப் பின்னுள்ள பெரும்பாய் தன் அடிக்கட்டையோடு தானே மாறிவிடும். தொல்லையெல்லாம் முன்பாயினால்தான். அதன் பின்மூலையில் இரண்டு கயிறுகள் உண்டு. பாயை இழுத்துப் பிடிக்கும் இக்கயிற்றைத் தமிழ் மாலுமிகள் தாமான் என்பர். ஒன்று படகின் வலப்புறமாகவும் மற்றொன்று இடப்புறமாகவும் பின்னோக்கி ஓடி, கயிறு சுற்றும் உருளையில் முடியும். படகு திரும்பும் கணத்தில் ஒரு தாமானை அவிழ்த்துவிட்டு மற்றதை விரைந்து இழுத்து இறுக்க வேண்டும். முன்பாய் பெரிதாயின் அது பாய்மரத்தையுங் கடந்து பின்னே நீண்டிருக்கும். அதனை மரத்துக்கு முன்னே சுற்றி மறுபுறம் கொண்டுவர வேண்டும். காற்று வலுத்த வேளையில் அவிழ்ந்த கயிறு சாட்டைபோல் வீசும். ஒரு கையில் சுக்கானும் மறு கையில் கயிறுமாகத் தீவுகளுக்கிடையே திரும்பித் திரும்பிச் செல்லும் தனி மனிதனின் தோள்கள் படும் பாட்டை, இருள் பிரியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவும் நம் பால்வெட்டுத் தொழிலாளருக்கு விளக்க வேண்டுவதில்லை.

இத்தொல்லையைத் தீர்க்க ஓர் ஏற்பாடு உண்டு. பாய்மரத்துக்குச் சற்று முன்னே, தளத்தின் குறுக்கே, வில்போல் வளைந்த ஒரு சிறு தண்டவாளத்தைப் பதிக்கிறார்கள். அதன்மீது ஒரு சிறு வண்டி ஓடுகிறது. பாய்மரத்தைத் தொடாத அளவுக்கு முன்பாயைக் குறுக்கித் தைத்து, அதன் பின்மூலையில் ஒரே ஒரு தாமானைக் கட்டுகிறார்கள். அத்தாமான் வண்டியிலுள்ள கப்பியின் வழியாக முன்னணியத்துக்குச் சென்று, அங்கே இன்னொரு கப்பியில் திரும்பி, பின்னே மாலுமியின் கைக்கு வந்துசேர்கிறது. படகு திரும்பியதும் காற்றே பாயைத் தள்ளுகிறது. வண்டி தண்டவாளத்தின் மறுகோடிக்கு ஓடி நிற்கிறது. சுக்கானைத் திருப்புவதன்றி மாலுமி வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

சொல்லுதற்கு இது எளிது. பொருத்துதற்கு நுட்பம் வேண்டும். தண்டவாளத்தின் வளைவு, முன்னணியத்துக் கப்பியை மையமாகக் கொண்ட வட்டத்தின் துண்டாக அமைதல் வேண்டும். நேராக வைத்துவிட்டால் அதன் இரு கோடிகளும் மையத்துக்குத் தூரமாகி, இறுகிய கயிறு வண்டியை நடுவிலேயே நிறுத்திவைக்கும். பாயின் இழுப்பு தண்டவாளத்தை மேல்நோக்கிப் பெயர்க்கும்; ஆதலால் தளத்தை ஊடுருவும் போல்ட்டுகளும், அடியில் அவற்றைத் தாங்கும் அகன்ற தகடுகளும் அவசியம். கண்ணாடி நாரால் செய்த தளங்கள் பலவற்றின் நடுவே இலேசான மரமோ நுரைப்பலகையோ வைத்திருப்பார்கள். துளைகளின் ஓரத்தைப் பிசினால் அடைக்காவிடில் நீர் புகுந்து உள்ளுக்குள்ளே கெடுக்கும். பாயின் பின்மூலையில் பல துளைகளையுடைய ஒரு தகட்டை வைத்து, எந்தத் துளையில் கயிற்றைப் பூட்டினால் பாயின் பின்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒத்து இறுகுகின்றன என்று பார்க்க வேண்டும். தானே திரும்புகிறது என்கிறோமே, அந்தத் ‘தானே’ என்னும் சொல்லுக்குள் பாய் தைத்தவன், தண்டவாளம் வளைத்தவன், துளையிட்டவன் ஆகிய எல்லாருடைய முன்யோசனையும் அடங்கிக்கிடக்கிறது. உழைப்பு மறைந்துபோகவில்லை, காலத்தால் முந்திக்கொண்டது. அவ்வளவே.

இனி இதன் விலையைக் கணக்கிடுவோம். பாய்மரத்தைக் கடந்து நீளும் பெரிய முன்பாயைவிட இது பரப்பில் மிகவும் சிறியது. மலாக்கா நீரிணையிலோ காற்று பல நாட்கள் மெலிந்தே வீசும். வடகிழக்குப் பருவக்காற்று நிலைத்து வீசும் மாதங்களில் இக்குறை அவ்வளவாகத் தோன்றாது. மற்ற மாதங்களில் பெரிய பாய் விரித்த அயற்படகு நகர்ந்துபோக, இப்படகு அசையாது கிடக்கும். காற்று பின்னாலிருந்து வரும்போது இன்னொரு குறை: குறுகிய தண்டவாளத்தால் பாயைப் போதிய தூரம் வெளியே விட முடியாது, பாயின் மேற்பகுதி முறுக்கிக்கொண்டு காற்றைச் சிந்திவிடும், கழி கொண்டு முட்டுக்கொடுத்தால்தான் நிற்கும். ஆகவே, தோளுக்கு ஓய்வு தேடுபவன் விரைவில் ஒரு பங்கை இழந்தே தீரவேண்டும்.

இதனை விரும்பாதார் கூறும் ஆட்சேபம் ஒன்று உண்டு. அதனை அலட்சியம் செய்வதற்கில்லை. சிடாம் கிரியில் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டி ஓய்ந்த முதியவர் ஒருவரிடம் இப்பாயின் செய்தியைச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “கைக்கு வேலை இருந்தாத்தான் கிராணி ஐயா, கண்ணு முழிச்சிருக்கும். கை ஓஞ்சா கண்ணும் சொக்கிப்போகும்” என்றார். இது அனுபவத்தின் வாக்கு. உளி மரத்தில் எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதைக் கை அறிவதுபோல் கண் அறியாது. கயிற்றை இழுப்பவன் காற்றின் பலத்தை உள்ளங்கையால் அறிகிறான். கயிற்றைத் தொடாதவனுக்கு அவ்வறிவு பிந்தியே வருகிறது.

ஆயினும், உடல் வருந்த வருந்தவே ஒழுக்கம் வளரும் என்னும் போதனையை நான் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன். அதனைப் போதிப்போரிற் பலர் பிறருடைய உடலை மனத்திற் கொண்டே போதிக்கின்றனர். மாவு அரைக்கும் இயந்திரம் வந்தபோதும், குழாயில் தண்ணீர் வந்தபோதும், பெண்களுக்குச் சோம்பல் வந்துவிடும் என்று சொன்ன வீட்டுத் தலைவர்கள் ஆட்டுக்கல்லின் குழவியைத் தொட்டவர்களல்லர். இயந்திர மோகத்தை வன்மையாகக் கண்டித்த காந்தியடிகளும், 1924-ஆம் ஆண்டில் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி ஊசியோடு படும் சிரமத்தைக் கண்டு இரங்கிய அன்பிலே பிறந்த கருவி அது என்பது அவர் கூறிய நியாயம். இயந்திரத்தின்மீது ஆட்சேபமில்லை, உழைப்பைக் குறைக்கிறோம் என்று ஆட்களைத் தெருவில் நிறுத்தும் வெறியின்மீதே ஆட்சேபம் என்பது அவர் பேச்சின் சாரம்.

மேலும், தோள்வலியே வாயிற்காவலனாக நிற்கும் தொழிலில் பெண்டிரும் முதியோரும் உடல் நலிந்தோரும் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். கருவி அவ்வாயிலைத் திறக்கிறது. இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் 56 அடிப் பாய்க்கப்பலைப் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கேரளத்துத் தில்னா என்னும் இரு பெண் அதிகாரிகள், 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து எடுத்துச்சென்று, கேப் ஹார்ன் முனையையுஞ் சுற்றி, 2025 மே மாதத்தில் கொண்டுவந்து சேர்த்தனர். கப்பியும் உருளையும் இல்லாக் காலத்தில் அத்துணைப் பெரிய பாய்களை இருவர் ஆள்வதென்பது நினைக்கவும் ஒண்ணாத காரியம். கருவி அவர்களுடைய திறமையைக் குறைத்ததென்று யாரும் சொல்லத் துணியார். திறமையை எங்கே காட்டுவது என்பதை அது மாற்றியது.

ஆகவே, கருவி நன்றா தீதா என்று பொதுப்படக் கேட்பது பயன்தராது. கருவியொன்று வரும்போது மூன்று வினாக்களை வினவ வேண்டும் என்பது என் துணிபு.

முதலாவது: இழப்பு யாருக்கு, லாபம் யாருக்கு? பாய்ப்படகில் விடை தெளிவு. விரைவை இழப்பவனும் அவனே. ஓய்வைப் பெறுபவனும் அவனே. இரண்டையும் சீர்தூக்கித் தீர்மானிப்பவனும் அவனே. ஆதலால் அங்கே அநீதிக்கு இடமில்லை. ஆயின் படகிலும் எப்போதும் இப்படியல்ல. தண்டவாளத்துக்குப் பதிலாக முன்பாயின் அடியில் ஒரு கட்டையைப் பூட்டும் பழைய முறையும் உண்டு. அதுவும் தானே திரும்பும். ஆனால் நங்கூரம் எடுக்கவோ பாய் இறக்கவோ முன்னணியத்துக்குச் சென்றவனை அக்கட்டை காற்றில் அலைந்து தாக்கும். பின்னே சுக்கானருகில் இருப்பவனுக்குச் சௌகரியம். முன்னே நிற்பவனுக்கு அடி. ஒரே கருவி, ஒரே படகு, இருப்பிடம்தான் வேறு.

தோட்டத்தை நோக்குங்கள். பால் வடியும் நேரத்தை நீட்டும் எத்திபான் என்னும் மருந்து 1970-களில் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தது. ஒன்றுவிட்டொரு நாள் சீவிய மரத்தை மூன்று நான்கு நாளைக்கொருமுறை சீவினாலும் போதும் என்றாயிற்று. பட்டை மிச்சம், ஆள் மிச்சம். அளவறிந்து பூசினால் மரத்துக்கும் கேடில்லை. அளவு மீறினால் மரம் பால் வற்றிப்போகும். மருந்தில் தீமையில்லை. ஆனால் மிச்சமான நாட்கூலி யார் கணக்கில் வரவாயிற்று என்பதே கேள்வி. அவ்வாறே ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, அதே நிலத்துக்கு வேண்டிய ஆட்கள் குறைந்தனர். குறைந்தவர்களுடைய உழைப்பு மிச்சமாயிற்று என்று ஏட்டில் எழுதலாம். அவர்கள் லயத்தைக் காலிசெய்து, பிள்ளைகளின் பள்ளியையும் முன்னோரின் இடுகாட்டையும் விட்டு, சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய பட்டணங்களின் ஓரங்களில் குடிசை தேடியதை எந்த ஏட்டில் எழுதுவது? ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியிட்ட நூலில் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறார். ஆதிகால நீராவி இயந்திரத்தின் கதவை ஓயாது திறந்து மூடுவது அவன் வேலை. தோழர்களோடு விளையாட விரும்பிய அவன், இயந்திரத்தின் மற்றோர் உறுப்போடு ஒரு கயிற்றைக் கட்டிவிட, கதவு தானே இயங்கிற்றாம். இது கதையே என்பாரும் உளர். கதையேயாயினும் அது பாதியில் நின்றுவிடுகிறது. அச்சிறுவன் விளையாடப் போனானா, அன்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டானா என்று அதில் இல்லை. நமக்கு வேண்டியது அந்த மற்றப் பாதிதான்.

இரண்டாவது: விடுபட்ட கை என்ன செய்கிறது? 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து தனியே புறப்பட்டு, 1898 ஜூனில் உலகைச் சுற்றி முடித்த ஜோஷுவா ஸ்லோகம், தம் ‘ஸ்பிரே’ என்னும் படகின் சுக்கானைக் கட்டிவிட்டால் அது தானே வழியிற் செல்லும்படி பாய்களைச் சமன் செய்திருந்தார். தர்ஸ்டே தீவிலிருந்து கொக்கோஸ் தீவுகள் வரை 23 நாட்கள் ஓடிய ஓட்டத்தில், சுக்கானருகே தாம் இருந்தது ஏறக்குறைய மூன்று மணி நேரமே என்று அவர் எழுதியிருக்கிறார். மிஞ்சிய நேரத்தில் நூல்கள் படித்தார். கரை சேர்ந்தபின் அப்பயணத்தைத் தாமே ஒரு நூலாக எழுதி 1900-இல் வெளியிட்டார். ஓய்வு அறிவாகப் பழுத்ததற்கு இஃது உதாரணம். ஆனால் கடலில் ஓய்ந்த கைக்கு அதைவிட முந்திய கடமை ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல்மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது, எந்தக் கலமும் எந்நேரமும் கண்ணாலும் செவியாலும் காவல் நோக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. மலாக்கா நீரிணையில் இரவு பகலாகப் பெருங்கப்பல்கள் செல்கின்றன. கரையோரமெங்கும் மீனவர் வலைகளும் விளக்கில்லாச் சிறு படகுகளும் உண்டு. கயிற்றோடு போராடுபவன் குனிந்த தலை நிமிராமல் அவற்றின்மேல் ஏறிவிடக் கூடும். பாய் தானே திரும்பினால் அவன் தலை நிமிர்ந்திருக்கலாம். அரிஸ்டாட்டில் கருவியென்று எண்ணிய அந்தக் காவல் நோக்குபவனின் இடத்தில் படகுக்குரியவனே வந்து நிற்கிறான். முதியவர் கூறிய ஆட்சேபத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கை ஓய்ந்ததும் கண் சொக்கினால் கருவி கெடுதல். கை ஓய்ந்ததனால் கண் விழித்தால் கருவி நன்மை. இது கருவியைப் பொறுத்ததன்று.

மூன்றாவது: தவறு நேர்ந்தால் பதில் சொல்வது யார்? தண்டவாளத்தில் உப்புப் படிந்து வண்டி நடுவழியில் நின்றுவிடலாம். அப்போது அதனைக் கையால் தள்ளவும், வேண்டின் தாமானைப் பழையபடி ஒரு பக்கமாக இழுத்துக் கட்டவும் அறிந்தவனே மாலுமி. பாய் திரும்பவில்லை, ஆகவே பாறையில் மோதினேன் என்று எந்த மாலுமியும் சொல்லித் தப்ப முடியாது. கரையிலே நாம் இந்த அறத்தை எவ்வளவு எளிதில் மறந்துவிடுகிறோம்! முற்காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் புத்தகத்தில் கையால் எழுதி, மாத முடிவில் விரல்விட்டுக் கூட்டிக் கூலி வகுத்தார்கள். இப்போது கணினி அதனை நொடியிற் செய்துவிடுகிறது. கிராணிகளாகிய எங்களுக்கு இது பெரும் நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் கூலிச் சீட்டைக் கையில் ஏந்தி, “ஐயா, மூணு நாள் பேர் விழவில்லையே” என்று ஒரு தாய் வந்து நிற்கையில், “கணினி அப்படித்தான் போட்டிருக்கிறது, நான் என்ன செய்ய?” என்று பதில் சொல்லும் அலுவலகங்கள் இன்று எத்தனை! அச்சொல் பிறந்த இடத்தில் மனிதன் கருவிக்குக் கருவியாகிவிட்டான். கூட்டல் வேலையைக் கணினியிடம் கொடுக்கலாம். அந்தத் தாய்க்கு விடை சொல்லும் கடமையைக் கொடுக்க முடியாது. விரல்விட்டு எண்ணிய நேரம் மிச்சமாயிற்றே, அந்நேரம் அவளுடைய சீட்டைத் திரும்பப் பார்ப்பதற்காகவே மிச்சமாயிற்று என்று கொள்ளுதல் வேண்டும்.

இறுதியாக ஓர் ஐயம். கருவிகள் பெருகினால் மனிதன் மனிதனை நாடவேண்டிய அவசியம் அற்றுப்போகாதா? யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கரொருவரால் வாங்கப்பட்டுப் பெருங்கடல்களைக் கடந்து, 1938-இல் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய கப்பலில் பல பாய்கள், பல கயிறுகள். ஒவ்வொரு கயிற்றுக்கும் பல கைகள். ஒருவன் இழுத்தால் நகராத பாய் பலர் ஒருமித்து இழுத்தால் ஏறும். அந்த ஒருமிப்பிலே பிறந்த தோழமையைத் தண்டவாளத்து வண்டி தராது. இது மெய்யே. ஆயினும், தேவையினால் கட்டுண்ட தோழமையே தோழமை என்று நான் ஒப்பேன். கயிற்றுக்காக அன்றி, அன்புக்காக இன்னொருவனைப் படகில் ஏற்றிக்கொள்ளலாமே! அவன் இழுக்கத் தெரியாத சிறு பிள்ளையாகவோ, இழுக்க இயலாத கிழவனாகவோ இருந்தாலும் குற்றமில்லை. ஒருவனுடைய தோள்வலியைக் கேளாது அவனுக்கு இடங்கொடுக்கும் வசதியைத்தான் இக்கருவி நமக்குத் தந்திருக்கிறது. அவ்வசதியைக் கொண்டு இடங்கொடுப்பதும், இருப்பவனை இறக்கிவிடுவதும் நம் உள்ளத்தின் வேலை.

அன்பர்களே! செம்பனைக் குலையறுக்கும் மோட்டார் அரிவாளும், குலைகளைச் சுமக்கும் சிறு இயந்திர வண்டியும் நம் தோட்டங்களுக்குள் வந்துவிட்டன. இன்னும் பல வரும். அவற்றை வெறுத்து ஒதுக்கவும் வேண்டா. வாய்பிளந்து வரவேற்கவும் வேண்டா. சங்கக் கூட்டங்களில் அவற்றின் பெயர் எழும்போதெல்லாம் இம்மூன்று வினாக்களையும் எழுந்து நின்று கேளுங்கள்: மிச்சமாகும் கூலியில் எங்கள் பங்கு எவ்வளவு? மிச்சமாகும் நேரம் எங்களுடையதா, இன்னொரு நிரை மரத்துக்கா? இயந்திரம் பிழைசெய்தால் எந்த மனிதர் எங்கள்முன் வந்து பதில் சொல்வார்? மூன்றுக்கும் நேரான விடை கிடைக்குமாயின், அந்த இயந்திரத்தை நம் கையாலேயே பொருத்திக்கொடுக்கலாம்.